‘ஹேவ்’ என்னும் சிறு சொல்



கொடுங்கையூரில் எங்கள் மதரஸாவில் அரபு இலக்கணம் கற்பிப்பது என் பணி. கலைப் பாடத்தில் பட்டம் பெற்றவன் என்ற காரணத்தால், மக்ரிபுத் தொழுகைக்குப் பின் இஷா வரை அக்கம் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் சொல்லிக் கொடுத்து வருகிறேன். அப்படிப் படித்த பிள்ளைகளில் ஒருவன், ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகன், பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டுத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு நிறுவனத்தில் எழுத்தர் வேலைக்கு நேர்காணலுக்குப் போனான். குடும்பத்தைப் பற்றிச் சொல்லும்படி அங்கே கேட்டிருக்கிறார்கள். “ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்” என்று இவன் தொடங்கியிருக்கிறான். கேள்வி கேட்டவர் சிரித்துக்கொண்டே, “மதியச் சாப்பாட்டுக்கா?” என்றாராம். சுற்றியிருந்தவர்களும் சிரித்திருக்கிறார்கள். அதன்பின் இவன் வாய் திறக்கவில்லை. வேலையும் கிடைக்கவில்லை.

மறுநாள் மாலை அவன் வகுப்புக்கு வரவில்லை. மூன்றாம் நாள் அவன் அத்தாவே வந்தார். “ஹஜ்ரத், இனி இங்கிலீஷ் பேசவே மாட்டேன் என்கிறான். அப்படி என்னதான் தப்பாகச் சொல்லிவிட்டான்?” என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஏனெனில் அந்த வாக்கியத்தில் இருந்த பிழை அவனுடையது மட்டுமன்று; என்னுடையதும்கூட. ‘இருக்கிறது’ என்பதற்கு ‘இஸ் ஹேவிங்’ என்று பல ஆண்டுகளாக நானே கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். எனவே அந்தச் சொல்லை அடியிலிருந்து ஆராய்ந்து பார்ப்பது என் கடமையாயிற்று. ஆராய்ந்ததில் தெரியவந்தவற்றை, உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் இம்மாதம் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் பிழையைப் பார்ப்போம். ஆங்கில வினைகளில் செயலைக் குறிப்பன ஒரு வகை. நிலையைக் குறிப்பன மற்றொரு வகை. ஓடுதல், எழுதுதல், சமைத்தல் ஆகியவை செயல்கள். அறிதல், நம்புதல், விரும்புதல், சொந்தமாயிருத்தல் ஆகியவை நிலைகள். நடந்துகொண்டிருப்பதைக் காட்டும் ‘இங்’ என்ற ஈறு செயல்களுக்கே உரியது. நிலைகளுக்குப் பொதுவாக அது சேராது. ‘ஹேவ்’ என்னும் வினைக்கோ இரண்டு முகங்கள் உண்டு. உடைமையையும் உறவையும் குறிக்கும்போது அது நிலை. அப்போது ‘ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்’, ‘ஷி ஹேஸ் எ ஹவுஸ்’ என்பனவே சரி. உண்ணுதல், பருகுதல், நடத்துதல், அனுபவித்தல் என்ற பொருள்களில் வரும்போது அது செயல். அப்போது ‘ஷி இஸ் ஹேவிங் டீ’, ‘தே ஆர் ஹேவிங் எ மீட்டிங்’ என்பவையும் சரியே. நம் பையன் உறவைச் சொல்ல நினைத்தான். கேட்டவரோ சொல்லை உண்ணுதலின் பக்கம் திருப்பிக் கேலி செய்தார். இவ்வளவுதான் நடந்தது. இது அறிவுக் குறைவால் விளைந்த பிழையன்று. இரண்டு மொழிகளின் அமைப்பு ஒன்றோடொன்று முட்டும் இடத்தில் விளைந்த பிழை.

எங்கே முட்டுகிறது என்பதைப் பார்ப்போம். ‘ஹேவ்’ என்பதற்கு ஒரே சொல்லில் தமிழ் கூறுங்கள் என்று எந்தப் பிள்ளையையாவது கேட்டுப் பாருங்கள். திணறிப்போவான். ஏனெனில் அப்படியொரு வினை நம் அன்றாடத் தமிழில் இல்லை. ‘எனக்கு இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள்’ என்கிறோம். ‘என்னிடம் பத்து ரூபாய் இருக்கிறது’ என்கிறோம். இரண்டிலும் ‘நான்’ எழுவாய் அல்ல. தங்கைகளும் பத்து ரூபாயுமே எழுவாய்கள். அவை இருக்கின்றன, எனக்கு இருக்கின்றன, என்னிடம் இருக்கின்றன. ஆங்கிலத்தில் மனிதன் முன்னே நின்று பொருளைப் பிடித்திருக்கிறான். தமிழில் பொருள் தானே இருக்கிறது. மனிதன் அதன் அருகே நிற்கிறான்.

‘எனக்கு’ என்பதும் ‘என்னிடம்’ என்பதும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். ‘என்னிடம் இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘எனக்கு’ என்பது உறவையும் உரிமையையும் காட்டும். ‘என்னிடம்’ என்பது பொருள் இப்போது என் கைவசம் இருப்பதை மட்டும் காட்டும். அது என்னுடையதாகவும் இருக்கலாம், பிறருடைய அமானிதமாகவும் இருக்கலாம். இதற்கு நெருங்கிய ஒரு நுட்பத்தை நம் இலக்கணம் முன்பே கண்டிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஆறாம் வேற்றுமையின் உடைமைப் பொருளைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாகப் பிரிக்கிறது. ‘எனது கை’ என்பது தற்கிழமை, என்னைவிட்டுப் பிரியாதது. ‘எனது வீடு’ என்பது பிறிதின்கிழமை. இன்று என்னுடையது, நாளை மற்றொருவருடையது.

‘உடையேன்’, ‘உடையான்’ என்ற சொற்கள் தமிழில் உண்டே என்று புலமை மிக்க வாசகர் கேட்கலாம். உண்டு. ஆனால் அவை குறிப்பு வினைகள். காலத்தை வெளிப்படையாகக் காட்டாதவை. ‘உடைகிறேன்’ என்று அதற்கு நிகழ்காலம் சொன்னால் பொருளே மாறிவிடும்! பேச்சு வழக்கில் ‘ஹேவ்’ என்பதற்கு ஓரளவு நெருங்கி வருவது ‘வைத்திருக்கிறார்’ என்பதே. ‘மூலக்கடையில் கடை வைத்திருக்கிறார்’, ‘மூன்று ஆட்டோ வைத்திருக்கிறார்’ என்கிறோம். அதிலும் ‘இரு’ என்பது ஒட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள். ‘இருக்கிறது’ என்பது நமக்கு இப்போதும் நடந்துகொண்டிருப்பதுபோல் ஒலிப்பதால், பிள்ளைகள் ஆங்கிலத்தில் ‘இங்’கைச் சேர்த்துவிடுகிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி, மதரஸாவில் நான் அன்றாடம் கற்பிக்கும் அரபு மொழிக்கு வருவோம். அங்கேயும் இதே கதைதான்! உடைமையைச் சொல்ல அரபியரும் இடைச்சொற்களையே நாடுகின்றனர். ‘லீ உக்தானி’ என்றால் ‘எனக்கு இரு சகோதரிகள்’. ‘இந்தீ கிதாபுன்’ என்றால் ‘என்னிடம் ஒரு புத்தகம்’. ‘மஈ கலமுன்’ என்றால் ‘இப்போது என்னுடன் ஒரு பேனா இருக்கிறது’. உரிமைக்கு ‘லி’, வசத்துக்கு ‘இந்த’, உடன் இருப்பதற்கு ‘மஅ’. வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பிய நம் சகோதரர்கள் ‘இந்தீ’, ‘மாஃபீ’ என்று வேடிக்கையாகப் பேசுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நாம் நாளும் மொழியும் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்பதில் வரும் ‘லி’யும் இந்த ‘லி’தான். ‘மலக்க’ என்று ஆளுதலையும் சொந்தங்கொள்வதையும் குறிக்கும் வினை அரபியில் உண்டு. எனினும் ‘எனக்கு இருக்கிறது’ என்று சாதாரணமாகச் சொல்ல அதைத் தேடிப் போவதில்லை. உருதுவிலும் ‘மேரே பாஸ் ஹை’, அதாவது ‘என் அருகே இருக்கிறது’ என்பதே வழக்கு.

பிரெஞ்சு மொழியியலாளர் எமில் பென்வெனிஸ்த், 1960இல் வெளியான தம் கட்டுரை ஒன்றில் இப்பொருளை ஆராய்ந்திருக்கிறார். உலக மொழிகளைப் பரந்து நோக்கினால், ‘எனக்கு இருக்கிறது’ என்னும் அமைப்பே பெரிதும் பரவியது. ‘ஹேவ்’ போன்ற தனி வினை அத்தனை பொதுவானதன்று என்பது அவர் காட்டும் உண்மை. ஆகவே, நம் பிள்ளைகளின் தாய்மொழியில் ‘ஹேவ்’ இல்லை என்பது ஒரு குறையே அல்ல.

அப்படியானால் ஆங்கிலத்துக்கு இச்சொல் எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் ‘ஹப்பன்’. ஜெர்மன் மொழியில் இதன் உடன்பிறப்பு ‘ஹாபென்’. நமக்கு வடக்கே பழவேற்காட்டில் 17ஆம் நூற்றாண்டில் கோட்டை கட்டி வணிகம் செய்த டச்சுக்காரரின் மொழியில் அது ‘ஹெப்பென்’. இவையெல்லாம் ‘கப்’ என்னும் மிகப் பழைய வேரிலிருந்து பிறந்தவை என்று அறிஞர்கள் காட்டுகின்றனர். ‘கப்’ என்றால் பற்றுதல், கையால் பிடித்தல். இலத்தீன் மொழியில் அதே வேர் ‘கபெரே’ என்று நின்றது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘கேப்சர்’, ‘கேப்டிவ்’, ‘கெபாசிட்டி’ ஆகிய சொற்கள் அந்த இலத்தீன் வழியில் வந்து சேர்ந்தவை.

‘கப்’ எப்படி ‘ஹப்’ ஆயிற்று? ஜெர்மானிய அறிஞர் யாக்கோப் கிரிம் 1822இல் வெளியிட்ட ஒலி விதி இதற்கு விடை தருகிறது. இலத்தீன் முதலிய மொழிகளில் ‘க’ என்று நின்ற ஒலி, ஆங்கிலம் உள்ளிட்ட ஜெர்மானிய மொழிகளில் ‘ஹ’ என்று மாறிவிட்டது. கொம்புக்கு இலத்தீனில் ‘கோர்னு’, ஆங்கிலத்தில் ‘ஹார்ன்’. நூறுக்கு இலத்தீனில் ‘கெந்தும்’, ஆங்கிலத்தில் ‘ஹண்ட்ரட்’. அவ்வாறே ‘கபெரே’யும் ‘ஹேவ்’வும் ஒரு தாய் மக்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. இலத்தீனில் ‘ஹபேரே’ என்று மற்றொரு சொல் உண்டு. அதற்கும் ‘உடைத்தாயிருத்தல்’ என்பதே பொருள். புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரரின் ‘அவுவார்’ அதிலிருந்து வந்தது. ஒலியும் பொருளும் ஒத்திருப்பதால், ‘ஹேவ்’ அதன் பிள்ளைதான் என்று எவரும் எண்ணுவர். ஆனால் கிரிம் விதிப்படி அது பொருந்தாது. இலத்தீன் ‘ஹபேரே’வுக்கு ஆங்கிலத்தில் இரத்த உறவான சொல் ‘கிவ்’ என்று சொல்வரலாற்று அகராதிகள் கூறுகின்றன. ‘கிவ்’ என்றால் கொடு! ஒரு மொழியில் ‘வைத்திருத்தல்’ ஆன வேர், மற்றொரு மொழியில் ‘கொடுத்தல்’ ஆகிவிட்டது. சொற்களின் உறவை முகச்சாயலைக் கொண்டு முடிவு செய்யக்கூடாது என்பதற்கு இது நல்ல பாடம்.

பிள்ளைகளை மருட்டும் மற்றொன்று ‘ஹேவ்’வின் வடிவங்கள். ‘ஹேவ்ஸ்’, ‘ஹேவ்டு’ என்று வராமல் ‘ஹேஸ்’, ‘ஹேட்’ என்று ஏன் வருகிறது? வேறொன்றுமில்லை. அடிக்கடி புழங்கும் நாணயம் தேய்வதுபோல அடிக்கடி புழங்கும் சொல்லும் தேயும். ‘ஹேவத்’ என்றிருந்தது ‘ஹேத்’ ஆகிப் பின்னர் ‘ஹேஸ்’ என்பதற்கு இடம் விட்டது. கடந்த காலத்தில் நடுவிலிருந்த ‘வ’ உதிர்ந்து ‘ஹேட்’ நின்றது. ‘போயிற்று’ என்பதை நாம் ‘போச்சு’ என்பதில்லையா? அதுபோலத்தான்.

இனி இச்சொல்லின் துணைவினைப் பணியைப் பார்ப்போம். ‘ஐ ஹேவ் ரிட்டன் தி லெட்டர்’ என்பதற்கு ‘கடிதத்தை எழுதியிருக்கிறேன்’ என்கிறோம். எழுதியதற்கும் உடைமைக்கும் என்ன தொடர்பு? பழைய ஆங்கிலத்தில் இவ்வாக்கியத்தின் பொருள், ‘எழுதி முடிக்கப்பட்ட நிலையில் கடிதத்தை வைத்திருக்கிறேன்’ என்பதாகும். கையில் கடிதம் இருந்தது. அது எழுதப்பட்டு இருந்தது. காலப்போக்கில் கடிதம் கையை விட்டுப் போயிற்று. எழுதி முடித்த செயல் மட்டும் நின்றது. தமிழரும் முடிந்த செயலைச் சொல்லத் துணைவினையைத்தான் கொள்கிறோம். ஆனால் ‘வைத்திரு’ என்பதை அன்று, ‘இரு’ என்பதை. ஆங்கிலத்திலும் முன்னாளில் வருதல், போதல் முதலிய வினைகளுக்கு ‘ஹி இஸ் கம்’ என்று ‘இரு’ வினையே துணையாய் வந்தது. அது நம் ‘வந்திருக்கிறார்’ என்பதற்கு எவ்வளவு நெருக்கம்! பின்னாளில் ‘ஹேவ்’ அந்த இடத்தையும் பிடித்துக்கொண்டது. பற்றுதல் என்ற பிறவிக் குணத்தை அது விடவில்லை போலும்.

இவற்றையெல்லாம் அந்தப் பையனின் வீட்டுக்கே சென்று, அவனையும் அவன் அத்தாவையும் அருகில் வைத்துக்கொண்டு ஒருநாள் மாலை விளக்கினேன். நான் கற்பித்தது தவறு என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். நெடுநேரம் தலை குனிந்திருந்தவன் ஒரு கேள்வி கேட்டான். “ஹஜ்ரத், மாமாவிடம் கைமாற்று வாங்கித்தான் அத்தா ஆட்டோ எடுத்தார். பாதிப் பணம் இன்னும் கொடுக்கவில்லை. ‘வி ஹேவ் ஆன் ஆட்டோ’ என்று சொல்லலாமா? கடனுக்கும் ‘ஹேவ்’தானா?”

கேள்வி என்னைச் சிந்திக்க வைத்தது. ஆங்கிலத்தில் வீட்டுக்கும் ‘ஹேவ்’, கடனுக்கும் ‘ஹேவ்’. தமிழிலும் ‘எனக்கு வீடு இருக்கிறது’, ‘எனக்குக் கடன் இருக்கிறது’ என்றே சொல்கிறோம். அரபு மட்டும் இங்கே இடைச்சொல்லை மாற்றுகிறது. வரவேண்டியது என்றால் ‘லீ’, எனக்கு. தரவேண்டியது என்றால் ‘அலய்ய’, என்மேல். கடன் ஒருவனுக்கு உரியதன்று, அவன்மேல் ஏற்றப்பட்டிருப்பது. ‘கடன் தலைமேல் இருக்கிறது’ என்று நம் தாய்மார்கள் சொல்வதும் இதைத்தானே?

ஆனால் ஆங்கிலமும் இந்த உண்மையை அறியாததன்று. ‘ஹேவ்’ என்பதோடு ‘டு’ சேர்ந்தால் என்ன ஆகிறது? ‘ஐ ஹேவ் டு பே’ என்றால் ‘நான் செலுத்தியாக வேண்டும்’. உடைமைச் சொல் கடமைச் சொல்லாகிவிடுகிறது! இதைவிட வியப்பானது மற்றொரு சொற்குடும்பம். பழைய ஆங்கிலத்தில் ‘ஆகன்’ என்று ஒரு வினை இருந்தது. உடைத்தாயிருத்தல் என்பது அதன் பொருள். அதிலிருந்து மூன்று சொற்கள் பிறந்தன. ஒன்று ‘ஓன்’, சொந்தம். இரண்டாவது ‘ஓ’, கடன்பட்டிருத்தல். மூன்றாவது ‘ஆட்’, செய்யக் கடமைப்பட்டிருத்தல். ஷேக்ஸ்பியர் காலத்திலும்கூட ‘ஓ’ என்பது ‘சொந்தமாகக் கொண்டிருத்தல்’ என்ற பழைய பொருளிலும் வழங்கியது. சொந்தம், கடன், கடமை மூன்றுக்கும் ஒரே வேர். வைத்திருப்பவன் எவனோ அவனே கொடுக்கக் கடமைப்பட்டவன் என்று அம்மொழி நினைவில் கொண்டிருந்ததுபோல் தோன்றுகிறது.

‘ஹேவ்’ உடைய மொழியினர் பேராசைக்காரர், அது இல்லாத நாம் பற்றற்றவர் என்று எவரும் பெருமை பேசிவிட வேண்டாம். ஒரு மொழியின் இலக்கணத்தைக் கொண்டு அதனைப் பேசுவோரின் குணத்தை அளப்பது அறிவுடைமை ஆகாது. ‘எனக்கு இருக்கிறது’ என்று சொல்லும் நம்மிடையேயும் பங்கு பிரிப்பதில் பகை மூள்கிறது. அமானிதத்தைச் சொந்தமாக்கிக்கொள்பவர் இருக்கின்றனர். இலக்கணம் வழியைக் காட்டும். நடக்க வேண்டியவர் நாம்.

திருமறையின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஒருவர் மறைந்தால், அடக்கச் செலவும் கடனும் மரண சாசனமும் போக மீதியே வாரிசுகளின் பங்காகும் என்பதையும் அறிவீர்கள். ‘அவருக்கு என்ன இருந்தது’ என்ற கேள்விக்கு முன், ‘அவர்மேல் என்ன இருந்தது’ என்ற கேள்வி எழுகிறது.

பையனுக்கு நான் இவ்வாறு விடை சொன்னேன்: “ஆங்கிலத்தில் ‘வி ஹேவ் ஆன் ஆட்டோ’ என்று தாராளமாகச் சொல், பிழையில்லை. கடனையும் ‘ஹேவ்’ கொண்டே சொல். ஆனால் மனத்தில் மட்டும் தமிழிலும் அரபியிலும் எண்ணிக்கொள். ஆட்டோ உங்களிடம் இருக்கிறது. கடன் உங்கள்மேல் இருக்கிறது. கடன் தீரும் நாளில் உங்கள் நெஞ்சிலும் அது ‘எங்களுக்கு’ என்றாகும்.” அவன் அத்தா எழுந்து சென்று, மாடத்திலிருந்த நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். ஒவ்வொரு மாதமும் திருப்பிக் கொடுத்த தொகை தேதியோடு எழுதப்பட்டிருந்தது. கையெழுத்து பையனுடையது. மூன்று மொழியிலும் ‘இருக்கிறது’ என்பதன் பொருளை, இலக்கணம் தெரியாத அந்தக் குடும்பம் என்னைவிட நன்றாகவே அறிந்திருந்தது.

மறுவாரம் அவன் வகுப்புக்கு வந்தான். எழுந்து நின்று, உரத்த குரலில், “ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்” என்றான். சிறு பிள்ளைகள் எதற்கென்று தெரியாமலே கைதட்டினார்கள். வேறொரு வேலைக்கு மனுப் போட்டிருக்கிறான், நேர்காணல் இனிமேல்தான். துஆச் செய்யுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் பிழை செய்தால் சிரிக்காதீர்கள். பிறர் சிரித்தாலும் அதற்காகப் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலும் அப்பிழைக்குள் ஒரு காரணம் இருக்கும். காரணம் விளங்கினால் பிழை தானே அகலும். மாநகரின் வடபகுதியினர் ‘எனக்கு வேண்டும்’ என்று வாங்கிச் சேர்த்தவையெல்லாம் இறுதியில் வந்து குவியும் குப்பைக் கிடங்கு எங்கள் கொடுங்கையூரில்தான் இருக்கிறது. அதைக் கடந்து தொழுகைக்குப் போகும்போதெல்லாம், நம்மிடம் இருப்பவற்றுள் நமக்கு இருப்பவை எவை என்ற எண்ணம் எனக்கு வருவதுண்டு. பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்த சொல்லோ எந்தக் கிடங்குக்கும் போவதில்லை. அதைக் கொடுத்தாலும் நம்மிடமே இருக்கும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் வேறொரு சொல்லோடு சந்திப்போம்.